சென்ட்ரலா, எழும்பூரா, தாம்பரமா: சென்னையில் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது?

மதுரை ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்கு வந்துவிட்டு, கடைசி நேரத்தில் எழும்பூருக்கு ஆட்டோ தேடுபவர்கள் இன்றும் உண்டு. டிக்கெட்டில் உள்ள குறியீட்டை முன்பே பார்த்திருந்தால் இந்தப் பதற்றம் வராது. சென்ட்ரலுக்கு எம்.ஏ.எஸ், எழும்பூருக்கு எம்.எஸ், தாம்பரத்துக்கு டி.பி.எம். முதல் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் அவசரத்தில் கண் ஏமாறும்.

சேலம், ஈரோடு, கோவை, பெங்களூரு, டெல்லி என்றால் சென்ட்ரல். விழுப்புரம், திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில் என்றால் எழும்பூர். இந்தப் பிரிவு பழைய தண்டவாளக் கணக்கு. 1873-இல் திறந்த சென்ட்ரல் அகலப்பாதை நிலையம். 1908-இல் திறந்த எழும்பூர், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் (குறுகலான பாதை) முனையம். பாதைகள் அகலமான பிறகும் ரயில்கள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. விதிவிலக்குகளும் இருக்கின்றன. போடிநாயக்கனூர் ஏசி ரயில் சென்ட்ரலில் கிளம்பி காட்பாடி, சேலம், கரூர் சுற்றி மதுரைக்குப் போகிறது. சேலத்துக்கு எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக ஒரு ரயில் உண்டு. ஜோத்பூர், காச்சிகுடா ரயில்களும் எழும்பூரில்தான். ஹைதராபாத் சார்மினார் எக்ஸ்பிரஸ் கிளம்புவதோ தாம்பரத்திலிருந்து. அதனால் ஊரை வைத்து ஊகிக்க வேண்டாம், ரயில் எண்ணை வைத்துப் பாருங்கள்.

சென்ட்ரலின் பெரிய வசதி அதன் அமைப்பு. தண்டவாளங்கள் அங்கேயே முடிகின்றன. எல்லா நடைமேடைகளும் முகப்பு மண்டபத்தில் வந்து சேர்வதால் படி ஏறி இறங்கும் வேலை இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள், சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள், நிறையப் பெட்டியோடு வருபவர்கள் ஆகியோருக்கு மூன்றில் இதுதான் சிறந்தது. ஆனால் நடை அதிகம். எல்.எச்.பி எனப்படும் புதிய வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 23.5 மீட்டர், 22 பெட்டி ரயிலில் இன்ஜினை ஒட்டிய பெட்டிக்குப் போக அரை கிலோமீட்டர் நடக்கவேண்டும். கிளம்பும் ரயிலில் கடைசிப் பெட்டிதான் வாசலுக்கு அருகே இருக்கும். ஐந்து நிமிடமே இருக்கும்போது உங்கள் பெட்டியைத் தேடி ஓடாமல், கிடைத்த பெட்டியில் ஏறி உள்ளே நடந்து போங்கள். இன்னொன்று: இரண்டாம் நடைமேடைக்கும் மூன்றுக்கும் நடுவே ‘2ஏ’ என்று ஒன்று தனியாக இருக்கிறது. அறிவிப்பில் அதைக் கேட்டுவிட்டு இரண்டில் போய் நிற்பவர்கள் பலர். புறநகர் ரயில்கள் பக்கத்துக் கட்டடமான மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும்.

சென்ட்ரலின் குறை வந்துசேரும்போது தெரியும். அரக்கோணம் பாதையும் கூடூர் பாதையும் சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் உள்ள பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒன்றுசேர்கின்றன. நடைமேடை காலியாகும்வரை ரயில் அங்கே நின்றுவிடும். ஊர் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது. வடசென்னைக்கோ கொளத்தூர் பக்கமோ போகிறவர்கள், தங்கள் ரயில் பெரம்பூரில் நிற்குமானால் அங்கேயே இறங்கிவிடலாம்.

தெற்கே போகிறவர்களுக்கு உண்மையான போட்டி எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும்தான். இரண்டுக்கும் இடையே சுமார் 25 கி.மீ. எழும்பூரில் ரயில் புறப்படுவதற்கு முன்பே நடைமேடைக்கு வந்துவிடும். நிதானமாக ஏறி, பெட்டிகளை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காரலாம். அதே ரயில் வழியில் நிற்கும் தாம்பரத்திலோ இரண்டு நிமிடம்தான் கையில் இருக்கும். பெட்டி எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே பார்த்து அந்த இடத்தில் நிற்கவில்லை என்றால், குழந்தையையும் சாமான்களையும் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும். முன்பதிவில்லாப் பெட்டியில் போகிறவர்கள் எவ்வளவு சிரமப்பட்டாலும் எழும்பூருக்கே போய்விட வேண்டும். தாம்பரம் வருவதற்குள் உட்கார இடம் தீர்ந்திருக்கும். தாம்பரத்திலேயே கிளம்பும் ரயில்களுக்கு இது பொருந்தாது. முழுக்க முன்பதிவில்லாத நாகர்கோவில் அந்த்யோதயா, திருவாரூர் வழியாகச் செல்லும் செங்கோட்டை, ராமேஸ்வரம் ரயில்கள் அப்படிப்பட்டவை.

அதே சமயம் குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், சேலையூர் பக்கம் இருப்பவர்கள் மாலை நெரிசலில் எழும்பூருக்கு வருவது வீண் அலைச்சல். அவர்களுக்கு தாம்பரமே சரி. ஆனால் டிக்கெட்டில் ஏறுமிடமும் தாம்பரம் என்றே இருக்கவேண்டும். ‘எழும்பூர் என்று இருந்தால் என்ன, தாம்பரத்தில் ஏறிக்கொள்வோம்’ என்று இருப்பது ஆபத்து. டிக்கெட் பரிசோதகர் பெர்த் காலி என்று குறித்துவிட்டால் அது ஆர்.ஏ.சி. (பெர்த் இல்லாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்த) பயணிக்குப் போய்விடும், பிறகு வாதாடிப் பயனில்லை. ஐ.ஆர்.சி.டி.சி. முன்பதிவுத் தளத்திலேயே ஏறுமிடத்தை மாற்றலாம். ஒரு நாளுக்கு மேல் நேரம் இருக்கும்போதே செய்துவிடுங்கள். மாற்றிய பின் எழும்பூரில் ஏறும் உரிமை கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம்.

ஊரிலிருந்து திரும்பும்போது இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எழும்பூர்வரை டிக்கெட் இருந்தாலும் தாம்பரத்தில் ரயில் நின்றால் தாராளமாக இறங்கலாம். விமான நிலையம் போகிறவர்களுக்கு அதுதான் சுருக்கு வழி: தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டினால் திரிசூலம், எதிரே விமான நிலையம். மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது, அதற்கு முன் வந்து இறங்குகிறவர்களுக்குப் புறநகர் ரயிலே துணை.

எழும்பூருக்கு வண்டி பிடிக்கும்போது காந்தி இர்வின் சாலை வாசலா, பூந்தமல்லி நெடுஞ்சாலை வாசலா என்று ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மறுசீரமைப்பு வேலை நடப்பதால் வழிகள் அடைபடுவதும், சில ரயில்கள் தற்காலிகமாகத் தாம்பரத்துக்கோ கடற்கரை ரயில் நிலையத்துக்கோ மாற்றப்படுவதும் உண்டு. முன்பதிவு செய்தபோது இருந்த நிலையம் பயண நாளிலும் அதேதானா என்று பார்க்கவேண்டும்; குறுஞ்செய்தி வரும், படிக்காமல் விடாதீர்கள்.

டெல்லியிலிருந்து வந்து நெல்லைக்குப் போவதுபோல் சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுகிறவர்களுக்கு மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். சாலையைக் கடந்து பூங்கா நிலையம் போனால் புறநகர் ரயிலிலும் ஒரே நிறுத்தம், 5 ரூபாய். பெட்டிகள் அதிகமென்றால் மெட்ரோதான் நல்லது, லிஃப்டும் நகரும் படிக்கட்டும் இருக்கின்றன. பயணம் சில நிமிடங்களே என்றாலும், நடைமேடையிலிருந்து நடைமேடைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேல் பேசின் பிரிட்ஜ் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் சேர்த்தால்தான் இரண்டாவது டிக்கெட் பத்திரம்.

வடகிழக்குப் பருவமழையில் மட்டும் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறும். பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டால் சென்ட்ரலுக்குள் ரயில் வராது. ஆவடி, திருவள்ளூர், காட்பாடி என்று புறப்படும் இடம் பின்னால் தள்ளிப்போகும். கனமழை நாளில் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ரயில்வேயின் ரயில் நிலவரம் காட்டும் என்.டி.இ.எஸ். செயலியிலோ 139 எண்ணிலோ ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று கேட்டுவிடுங்கள்.