கே6: பால்குடப் பதிவுத் தளத்தின் சுமையை அளக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்துக் கோயிலின் பதிவுத் தளம் ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும். தைப்பூசப் பால்குடப் பதிவு தொடங்கியதாக வாட்சாப்பில் செய்தி போனதும் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் குடும்பங்கள் ஒரே நிமிடத்தில் வந்து குவியும். இத்தகைய தளங்களுக்குப் போலிப் பயனர்களை அனுப்பிச் சுமையைச் சோதிக்கும் கே6 கருவியைப் பல பருவங்களாகப் பயன்படுத்தியதில் ஒன்று உறுதி: தாளில் கணக்குப் போடாமல் ஓட்டினால் அது காட்டும் எண்களால் பயனில்லை.

2 சிபியு கோர், 4 ஜிபி ரேம் சர்வர் என்று வையுங்கள். இயங்குதளத்துக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கும் 2 ஜிபி போக, பக்கங்களைத் தயாரிக்கும் ஒரு பிஎச்பி புரோசஸ் 50 எம்பி எடுத்தால் 40 புரோசஸ் ஓடும். ஒரு கோரிக்கை 200 மில்லிசெகண்டில் முடிந்தால் நொடிக்கு 200. இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த 200 மில்லிசெகண்டில் சிபியு உழைப்பு 50 மில்லிசெகண்ட் என்றால், 2 கோரும் சேர்ந்து நொடிக்கு 40 கோரிக்கைதான் முடிக்கும். சிபியு 70 சதவீதம் தாண்டினாலே காத்திருப்பு மளமளவென ஏறும். அந்த 40இல் 70 சதவீதம், அதாவது 28தான் நம்பக்கூடிய எண்.

முதல் நிமிடத்தில் 300 குடும்பம், ஆளுக்கு 6 பிஎச்பி கோரிக்கை: நொடிக்கு 30. தாங்காது. மாறாத பக்கங்களை என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கேஷில் (தயார் நகல்களாக) வைத்து 6ஐ 3 ஆக்கினால் 15. தடை சிபியுதான் என்பதால் கூடுதல் ரேம் வாங்குவது இங்கே வீண் செலவு. சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (போலிச் சமர்ப்பிப்பைத் தடுக்க ஆளுக்கு ஆள் மாறும் ரகசியக் குறி) உள்ள படிவத்தை மட்டும் கேஷ் செய்யாதீர்கள், பதிவுகள் நிராகரிக்கப்படும்.

கே6இல் நிலையான எண்ணிக்கையில் பயனர்களை ஓடவிடும் முறையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். சர்வர் தடுமாறினால் அந்தப் போலிப் பயனர்களும் பதிலுக்காகக் காத்து நின்று குறைவாகவே அனுப்புவார்கள். உண்மையான நெரிசல் மறைந்துவிடும். மக்கள் அப்படிக் காத்திருப்பதில்லை, புதியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வருகை வீதத்தைக் கட்டுப்படுத்தும் 'கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்' முறையில் நொடிக்கு 10, 20, 30 என்று ஒவ்வொரு ஓட்டமாக ஏற்றி, சராசரியை விட்டு பி95 நேரத்தை (95 சதவீதக் கோரிக்கைகள் அதற்குள் முடிந்த நேரம்) பாருங்கள். 'டிராப்ட் இட்டரேஷன்ஸ்' (தொடங்காமல் விட்ட சுற்றுகள்) எண் ஏறினால் கேட்ட வீதத்தில் கே6 அனுப்பவில்லை என்று பொருள். அந்த ஓட்டத்தின் முடிவை நம்பாதீர்கள்.

கே6ஐ அதே சர்வரில் ஓட்டினால் அதுவே சிபியுவைத் தின்றுவிடும். பட்டணத்து வீட்டு இணையத்திலிருந்து ஓட்டினால் அளப்பது உங்கள் லைனைத்தான். பக்கத்து வட்டார டேட்டா சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு இன்னொரு சர்வர் வாடகைக்கு எடுப்பதே சரி. மலிவான சர்வர்களில் சிபியு கிரெடிட் (முழு வேகத்தில் ஓடத் தரும் ஒதுக்கீடு) தீர்ந்தபின் வேகம் சரியும். இரண்டு நிமிடச் சோதனையில் அது தெரியாது; அரை மணி நேரம் ஓட்டி, லினக்ஸின் 'டாப்' கட்டளைத் திரையில் 'எஸ்டி' எண்ணையும் (உங்கள் சர்வருக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரம்) கவனியுங்கள்.