பீன்யா லேப்: பாலிஷுக்காகவே போகலாம்

பெங்களூரு பீன்யாவில் ஒயர் கட்டிங் (கம்பியில் மின்பொறி விட்டு உலோகத்தை வெட்டும்) பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற சின்ன மெட்டலர்ஜி (உலோக ஆய்வு) லேப் இது. மாங்கனீஸ் 30, அலுமினியம் 9, கார்பன் 1 சதவீதம் கலந்த எடை குறைந்த ஸ்டீல் என்னுடையது. சாதா ஸ்டீலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம் என்றால் இது 7-க்கும் கீழே. இழுத்தால் உள்ளே என்ன ஆகிறது என்று மைக்ரோஸ்கோப்பில் படம் எடுக்க, நீளம் 5, 15, 30 சதவீதம் கூடும்படி இழுத்த துண்டுகளையும் இழுக்காத ஒன்றையும் கொடுத்தேன்.

முதலில் வேறொரு இடத்தில் கொடுத்து ஏமாந்திருந்தேன். எமரி தாள், டயமண்ட் பேஸ்ட்டோடு நிறுத்திப் படம் எடுத்துவிட்டார்கள், இழுக்காத துண்டிலும் கோடு கோடாக வந்தது. தேய்ப்பதே மேற்பரப்பை நசுக்கும். நாம் பார்க்கப் போவதும் நசுங்கலைத்தான் என்றால் எதை நம்புவது? இங்கே பாலிஷ் செய்கிற ஓசூர்க்கார அண்ணன், நான் வாய் திறப்பதற்குள், "அவசரப்படாதீங்க தம்பி, கடைசியா சிலிக்கா கரைசல்ல ரொம்ப நேரம் ஓட்டணும்" என்றார். இழுக்காத துண்டு சுத்தமாக வந்தது. அப்போதுதான் மற்ற படங்களை நம்பினேன்.

அந்தப் படங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவு அலுமினியம் சேர்ந்தால் ஸ்டாக்கிங் ஃபால்ட் எனர்ஜி (அணு அடுக்குகள் வரிசை தவறி அமர ஆகும் ஆற்றல்) ஏறிவிடும், ட்வின் (கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பி நிற்கும் படிகப் பகுதி) எளிதில் வராது. சரி, டிஸ்லொக்கேஷன்கள் (படிகத்துக்குள் நகர்ந்து உலோகத்தை உருமாற வைக்கும் கோடு போன்ற குறைகள்) இஷ்டத்துக்குத் தளம் மாறி ஓடும் என்று நினைப்போம், ஆனால் ஓடுவதில்லை. அணுக்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஒழுங்கில் நிற்கின்றன, முதல் டிஸ்லொக்கேஷன் அதைக் கஷ்டப்பட்டுக் கலைத்துக்கொண்டு போகிறது, பின்னால் வருபவை அதே தளத்தில் லேசாகப் போய்விடுகின்றன, ஒத்தையடிப் பாதை விழுகிற மாதிரி. அந்தப் பாதைகள்தான் படத்தில் பட்டைகளாகத் தெரிகின்றன. 5 சதவீதத்தில் தள்ளித் தள்ளிச் சில பட்டைகள்தான். 30-இல் குறுக்கும் நெடுக்குமாக, இடைவெளியே குறைந்து நெருக்கியடிக்கின்றன. அந்த நெருக்கம்தான் இழுக்க இழுக்க உலோகத்தை இறுக்குகிறது, ஓரிடத்தில் சீக்கிரம் மெலிந்து அறுந்துவிடாமல் காக்கிறது.

குறைகளும் உண்டு. 5 நாள் என்று சொல்லி 9 நாள் ஆக்கினார்கள். இபிஎஸ்டி படத்தில் (எலக்ட்ரான் கற்றையால் படிகங்கள் நிற்கும் திசையைக் காட்டுவது) ஸ்டெப் சைஸ், அதாவது அளந்த புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், போடவில்லை. கேட்டதும் மூல ஃபைலையே அனுப்பினார்கள். டிஇஎம் (மெல்லிய துண்டை ஊடுருவிப் பார்க்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) இல்லை, டிஸ்லொக்கேஷனைத் தனித்தனியாகப் பார்க்க வேறு இடம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது.

போகிறவர்கள் துண்டை ஒயர் கட்டில் வெட்டிக்கொண்டு போங்கள், வீலில் வெட்டி நசுக்காதீர்கள். அப்புறம், இழுக்காத துண்டு ஒன்றை மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.