பிரையாரிட்டி டேக்: திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

"கூடக் காசு குடுத்து பிரையாரிட்டி டேக் போட்டா பெட்டி முதல்ல வருமாண்ணே?" என்று கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்த் தம்பி ஒருவர் கேட்டார். பல வருஷமாக வளைகுடாவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே அந்த டேக்கை, அதாவது பெட்டியை முதலில் இறக்கச் சொல்லி மாட்டும் அட்டையை, பயன்படுத்திய அனுபவத்தில் சொல்வது இது: முதலில் எந்த விமானம் என்று பாருங்கள்.

போயிங் 777 மாதிரி பெரிய விமானம் என்றால் ஏற்பாடு அருமை. பெட்டிகள் அலுமினியக் கண்டெய்னரில் ஏறும். பிசினஸ் கிளாஸ், அடிக்கடி பறக்கும் கோல்டு கார்டுக்காரர் பெட்டிகளைத் தனிக் கண்டெய்னரில் போட்டுக் கதவுப் பக்கம் நிறுத்தினால் முதல் வண்டியிலேயே இறங்கிவிடும். இமிக்ரேஷன் முடித்து வரும்போது பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்.

எரிச்சல் எல்லாம் போயிங் 737 மாதிரி சின்ன விமானத்தில்தான். அதில் கண்டெய்னர் கிடையாது. லோடர்கள் உள்ளே முட்டிபோட்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அடுக்குவார்கள். முதலில் ஏறியது அடியில் போகும், கடைசியில்தான் இறங்கும். பிரையாரிட்டி வரிசைக்காரர் சீக்கிரமே பெட்டியைப் போட்டுவிட்டு லவுஞ்சுக்குப் போய்விடுவார். அவர் பெட்டிதான் கீழே முதலில் வந்து சேரும். அதை ஒதுக்கி வைத்திருந்து கடைசியில் கதவோரம் ஏற்றினால்தான் டேக்குக்கு மதிப்பு. வந்த வரிசையிலேயே ஏற்றிவிட்டால், கவுண்டர் மூடும் நேரத்தில் மூச்சுவாங்க ஓடிவந்தவர் பெட்டி முன்னால் வரும். காசு கொடுத்தவர் கடைசி ஆளாகப் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டேக் இல்லாதவரை விட மோசமான நிலை! ஒதுக்கி வைக்க ஒரு டிராலி போதும். அதைக்கூடச் செய்யாமல் காசு வாங்குவது அநியாயம். அவசரத்தில் வேலை செய்யும் லோடர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, விற்றவர்கள்தான் பதில் சொல்லணும்.

நம்ம ஊர்க்காரருக்கு இந்த நிமிடங்கள் பெரிசு. விடியுமுன் வெளியே வந்தால் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாகக் களியக்காவிளைக்கு நிற்காமல் வந்துவிடலாம். ஸ்கூல் நேரத்தில் மாட்டினால் பாலராமபுரம் ஜங்ஷனிலேயே பாதி உயிர் போகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எஞ்சின் அணைந்து 10 நிமிடத்தில் முதல் பெட்டியும் 30 நிமிடத்தில் கடைசிப் பெட்டியும் வந்தாகணும் என்று விமானப் பாதுகாப்புத் துறை 2024 பிப்ரவரியில் 7 இந்திய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. அதன்படி எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் டேக் மிச்சப்படுத்துவது அதிகபட்சம் 20 நிமிடம். கஸ்டம்ஸ் எக்ஸ்ரே வேறு நடுவில் இருக்கிறது. அங்கே டேக்கின் நிறத்தை யாரும் பார்ப்பதில்லை.

டேக் கையில் கிடைத்தால் கவுண்டரிலேயே சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டேக்கையும், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய சின்ன பார்கோடு ஸ்டிக்கரையும் கிழித்துவிடணும். ஸ்கேனர் பழசைப் படித்தால் பெட்டி வழி மாறும். பிரையாரிட்டி அட்டையைக் கைப்பிடியில்தான் மாட்டச் சொல்லணும், ஜிப் வளையத்தில் மாட்டினால் கன்வேயரில் அறுந்துபோகும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிக்கு இது இன்னும் முக்கியம். கயிற்றில் கோத்த டேக் ஊர்வரை தாங்காது. அட்டைமேல் தட்டையாக ஒட்டி, மேலே டேப் போடச் சொல்லுங்கள். தானியங்கி மெஷினில் நீங்களே டேக் எடுத்தால் பிரையாரிட்டி அட்டையைக் கேட்டு வாங்கணும். டிவி பெட்டிக்கு இது வீண். பெரிய சாமான் வேறு வழியாக வரும்.

பெட்டி வரவில்லை என்றால் கஸ்டம்ஸ் தாண்டி வெளியே போகும் முன்னே புகார் எழுதி, எழுத்தும் இலக்கமும் கலந்த புகார் எண்ணை வாங்குங்கள். உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாகக் கிடைத்தால் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கணும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). டேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே தொகைதான்.

ஆகவே தம்பி, டிக்கெட்டோடு சும்மா வந்தால் விடாதே, கேட்டு மாட்டிக்கொள். பெரிய விமானத்தில் அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று சொன்னதும் நானேதான். ஆனால் தனியாகக் காசு கேட்டால், எந்த விமானமானாலும் கொடுக்காதே. அடுக்குகிற வரிசையை உறுதி சொல்லாதவர்களுக்கு எதற்குப் பணம்? கடைசியில் போட்டால் முதலில் வரும் என்று கவுண்டர் மூடும்வரை காத்திருக்கவும் வேண்டாம்; பெட்டி அங்கேயே தங்கிவிடும்.