பி.எல்.சி. பயிற்சி: கோவை வகுப்பா, வீட்டுச் சிமுலேட்டரா, தேயிலைத் தொழிற்சாலையா?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் முடித்து பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கி நிறுத்தும், புரோகிராம் செய்யக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவி) கற்க விரும்பும் இளைஞருக்கு மூன்று வழிகள் உள்ளன: கோவையில் தனியார் பயிற்சி மையத்தில் சேரலாம், வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் (பி.எல்.சி.யைப் போல நடந்துகாட்டும் மென்பொருள்) வைத்துப் பழகலாம், அல்லது தேயிலைத் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனிடம் உதவியாளராகச் சேரலாம். சான்றிதழையோ கட்டணத்தையோ அளவுகோலாக வைக்காமல், ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் திடீரென நின்றால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் திறனை எது தருகிறது என்பதைக் கொண்டே இவற்றை எடைபோட வேண்டும்.

செலவில் சிமுலேட்டரை மிஞ்ச எதுவும் இல்லை. கோடிசிஸ், டெல்டா நிறுவன மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டல் மென்பொருளுக்கு 21 நாள் சோதனை உரிமம் உண்டு. டைமர், கவுண்டர், லேட்சிங் (பட்டனை விட்ட பிறகும் இயக்கத்தைத் தக்கவைப்பது) ஆகியவற்றை ஒரு நிறுவனத்தின் லேடரில் (ஏணி வடிவ வரைபடமாக எழுதும் பி.எல்.சி. மொழி) கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று. பி.எல்.சி. மொழிகளுக்காக 1993-இல் வெளிவந்த ஐ.இ.சி. 61131-3 சர்வதேசத் தரநிலை அதற்கு வழிசெய்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டாலும் இந்தப் படிப்பு தடைபடாது.

ஆனால் சிமுலேட்டரில் கம்பி இல்லை. அதன் பெரிய குறை அதுதான். ஸ்டாப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும் என்பதற்காக அதை என்.சி. (அழுத்தாதபோது மூடியிருந்து மின்சாரத்தை விடும்) தொடர்பாகவே இணைப்பார்கள், ஆகவே பட்டனை யாரும் அழுத்தாத நேரம் முழுவதும் பி.எல்.சி.யின் இன்புட்டில் 24 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அதனால் லேடரில் அந்த இடத்தில் என்.ஓ. குறியைத்தான் (இன்புட்டில் மின்னழுத்தம் இருந்தால் வழிவிடுவது) போட வேண்டும். வயரிங் படத்தில் என்.சி. என்று பார்த்து லேடரிலும் அதையே போட்டவருக்கு மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. இன்புட்டை மவுஸால் 0, 1 என்று மாற்றிப் பழகியவர் இந்தச் சிக்கலைச் சந்திக்காமலே படிப்பை முடித்துவிடலாம். பி.என்.பி. வகை (சென்சாரிடமிருந்து 24 வோல்ட்டை எதிர்பார்க்கும்) இன்புட்டுக்கு என்.பி.என். (0 வோல்ட்டுடன் இணைக்கும்) சென்சாரை வாங்கி மாட்டுவதும் இதே போன்ற பிழைதான்.

கோவை மையங்களில் உண்மையான பி.எல்.சி., எச்.எம்.ஐ. (இயக்குபவருக்கான தொடுதிரை), வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது உறுதியான நன்மை. எனினும் பயிற்சிப் பலகை முன்கூட்டியே வயரிங் செய்யப்பட்டு, மாணவர் புரோகிராமை ஏற்றி விளக்கெரிவதை மட்டும் பார்க்கும் வகுப்பு, விலை கூடிய சிமுலேட்டர் வகுப்பே ஆகும். மலையிலிருந்து செல்பவருக்குத் தங்கும் செலவும் சேருவதால் இதைக் கண்டிப்பாகக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொழிற்சாலையின் நிலை நேர்மாறானது. அங்கு விதரிங் டிரஃப் (பச்சை இலையை வாட்டும் தொட்டி) விசிறிகளும் சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும்) இயந்திரங்களும் பல இடங்களில் இன்னும் ரிலே, காண்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) பேனலில்தான் ஓடுகின்றன. அதைக் குறைவாக எண்ண வேண்டாம்; 1968-இல் பி.எல்.சி. உருவாக்கப்பட்டதே அத்தகைய ரிலே பேனல்களுக்கு மாற்றாகத்தான். டிரையரின் பி.டி.100 வெப்பநிலை சென்சாரில் ஒரு கம்பி கழன்றால் திரையில் வெப்பநிலை பெரும்பாலும் உச்சத்துக்குத் தாவும்; அதை நம்பிக் கட்டுப்பாடு வெப்பத்தைக் குறைக்கும்; சுமார் 3 சதவீத ஈரத்துக்கு வர வேண்டிய தூள் சரியாகக் காயாமல் வெளியேறும். இதைக் கண்முன் பார்த்தவர் அடுத்த முறை புரோகிராமைத் திறப்பதற்கு முன் கம்பிகள் இணையும் டெர்மினலைச் சரிபார்ப்பார். ஆனால் புரோகிராம் எழுத அங்கு வாய்ப்பு குறைவு: பேனல் செய்தவர் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியிருக்கலாம், இலை வரத்து மிகுந்த பருவத்தில் ஓடும் இயந்திரத்தில் யாரும் சோதனை செய்ய விடவும் மாட்டார்கள்.

என் தேர்வு தொழிற்சாலை வேலையும், மாலையில் சிமுலேட்டருமே. கையில் பணம் சேர்ந்ததும் ஒரு சிறிய பி.எல்.சி., 24 வோல்ட் பவர் சப்ளை, இரண்டு புஷ் பட்டன், ஒரு காண்டாக்டர் வாங்கிச் சொந்தமாக வயரிங் செய்ய வேண்டும். கோவை வகுப்பு அதற்குப் பிறகு, வி.எஃப்.டி., மாட்பஸ் (கருவிகள் ஒன்றோடொன்று தரவு பரிமாறும் முறை) போன்ற வீட்டில் அமையாதவற்றுக்காக மட்டும் போதும். சேரும் முன் மையத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வெற்றுப் பலகையிலிருந்து நானே வயரிங் செய்யலாமா? ஆசிரியர் வேண்டுமென்றே பழுதை வைத்து என்னைக் கண்டுபிடிக்கச் சொல்வாரா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.