பன்னிரண்டு ஆண்டு உச்சமா, இருபது ஆண்டு நிதானமா: பாபி ஓரும் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமும்

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு ஜேம்ஸ் நாரிஸ் கோப்பையை வழங்குகிறது. கனடாவின் பாபி ஓர் அதை 8 முறை வென்றார். சுவீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 7 முறை வென்றார். எண்ணிக்கையில் நெருங்கி நிற்கும் இந்த இருவரும், கோப்பை வாங்கிய வயதைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எதிரெதிர்த் திசைக்குப் போய்விடுகிறார்கள். பாபி முதல் கோப்பையை 20 வயதிலும் எட்டாவதை 27 வயதிலும் பெற்று, 30 வயதில் ஆட்டத்தை விட்டே விலகினார். லிட்ஸ்ட்ரோம் முதல் கோப்பையை வாங்கியபோது அவருக்கு வயது 31. ஏழாவதை வாங்கியபோது 41. ஆகவே இருவரில் யார் பெரியவர் என்று கேட்பவர், ஒரு தடுப்பாட்டக்காரரின் தொழில் வாழ்க்கையை அவர் தொட்ட உயரத்தைக் கொண்டு அளப்பதா, அவர் தாக்குப்பிடித்த காலத்தைக் கொண்டு அளப்பதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஐஸ் ஹாக்கியைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். சுமார் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனித்தளத்தில், அணிக்கு ஒரு கோல்கீப்பரும் ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். அந்த ஐவரில் இருவர் தடுப்பாட்டக்காரர்கள். எதிரணியின் வேகமான முன்கள வீரர் முகத்துக்கு நேரே பாய்ந்து வர, இவர்கள் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவரைத் தடுக்க வேண்டும். மூலையில் தோளோடு தோள் மோதிப் பக்கை, அதாவது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக உள்ள ரப்பர் வட்டை, பறிக்க வேண்டும். பறித்ததைத் தவறில்லாமல் தம் முன்கள வீரரிடம் சேர்க்க வேண்டும். உடம்பு மிகவும் அடிபடும் இடம் இது.

ஒன்டாரியோ மாகாணத்தின் பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் 1948இல் பிறந்த பாபி, 18 வயதில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தபோது, பக்கைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பதுதான் தடுப்பாட்டக்காரரின் வேலை என்று பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். பாபி பறித்த பக்கை யாருக்கும் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு தளத்தின் மறுமுனைவரை போனார். போனதைவிட வேகமாகத் திரும்பியும் வந்தார். அடித்த கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவியதற்கு ஒன்று என்று எண்ணுவதே புள்ளி. அவருக்கு முன் எந்தத் தடுப்பாட்டக்காரரும் ஒரு பருவத்தில் 100 புள்ளிகளைத் தொட்டதில்லை. 1969-70இல் அவர் 120 புள்ளிகள் எடுத்து, லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுப்பவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை வென்றார். 1974-75இல் 46 கோல்களுடன் 135 புள்ளிகள் எடுத்து அதை மீண்டும் வென்றார். வேறெந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் அந்தக் கோப்பை இன்றுவரை கிடைத்ததில்லை.

அவரது ஆட்டத்தைப் பழைய படச்சுருள்களில் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது சின்னச் சின்ன விஷயங்களைத்தான். மட்டையின் நுனியில் மற்றவர்கள் கறுப்பு டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருக்க, இவர் மட்டையில் ஒரே ஒரு பட்டை மட்டும் இருக்கும். சறுக்குக் காலணிக்குள் காலுறை அணியாமல் வெறுங்காலோடு ஆடுவார். மட்டையை இடப்பக்கமாகப் பிடித்து அடிப்பவராக இருந்தும் வலப்பக்கம் நின்று ஆடியதால், தளத்தின் நடுப்பகுதி அவருக்கு எப்போதும் திறந்தே இருந்தது. 1970 மே 10 அன்று செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் 40ஆவது விநாடியில் அவர் கோல் அடித்த அதே கணத்தில், எதிரணியின் நோயல் பிக்கார்டின் மட்டை காலில் தட்டி, கைகளை விரித்தபடி அந்தரத்தில் பறந்தார். பாஸ்டனுக்கு 29 ஆண்டுகளுக்குப் பின், லீகின் சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பையைத் தந்த கோல் அது. ரே லூசியர் எடுத்த அந்தப் புகைப்படம் இல்லாமல் ஐஸ் ஹாக்கி வரலாற்றை யாரும் சொல்வதில்லை.

பாபியின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. 1967இல் லீக் 6 அணிகளிலிருந்து ஒரே மூச்சில் 12 அணிகளாகப் பெருகியதால், அனுபவம் குறைந்த எதிரணிகள் பல அவருக்கு வாய்த்தன. தவிர, 1970-71இல் அவரது அணி மொத்தம் 399 கோல்கள் அடித்தது. அதில் பில் எஸ்பொசிட்டோ மட்டும் 76. இருந்தாலும் அந்த ஆண்டு பாபியின் பிளஸ்-மைனஸ் கணக்கு 124 கூட்டலில் நின்றது. சம பலத்தில் ஆடும்போது அவர் தளத்தில் நிற்கையில் தம் அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம் அது. அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. அதே ஆண்டில் அவர் எடுத்த 139 புள்ளிகளை, கோல் மழை பொழிந்த 1985-86இல் பால் காஃபி என்ற தடுப்பாட்டக்காரர் 138 வரை நெருங்கினார், தாண்டவில்லை.

லிட்ஸ்ட்ரோமுக்கு அப்படியொரு புகைப்படம் கிடையாது. அதை நான் குறையாகவே எண்ணவில்லை. 1989 வீரர் தேர்வில் மூன்றாம் சுற்றில், 53ஆவது ஆளாக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அவரை எடுத்தது. 1991இல் வந்தவர் 2012வரை அந்த ஓர் அணிக்காகவே 20 பருவங்களில் 1,564 ஆட்டங்கள் ஆடினார். தடுப்பாட்டக்காரர்கள் முரட்டு மோதலுக்குப் பேர்போனவர்கள். இவருக்கோ மொத்த வாழ்க்கையிலும் 514 தண்டனை நிமிடங்கள்தான். ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் வெளியே உட்கார்ந்தார் என்ற கணக்கு. எதிராளி எங்கே போக விரும்புகிறார் என்பதை முன்கூட்டியே கணித்து, மட்டையின் நுனியை அங்கே வைத்துவிட்டுக் காத்திருப்பதே அவரது முறை. டெட்ராய்ட் அன்று ஆடிய ஜோ லூயிஸ் அரங்கில் கோலுக்குப் பின்னால் இருந்த பலகைகள் பக்கை வேகமாகத் திருப்பியடித்தன. லிட்ஸ்ட்ரோம் வேண்டுமென்றே கோலுக்கு ஓரடி தள்ளிப் பலகையில் அடித்து, எகிறி வரும் பக்கைத் தம் முன்கள வீரரின் மட்டைக்கே போய்ச் சேரும்படி செய்வார். தெரியாதவர் கண்ணுக்கு அது குறி தப்பிய அடி.

1997 இறுதிச் சுற்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறடி நான்கு அங்குல உயரத்தில் மலைபோல் நின்ற எரிக் லிண்ட்ராஸின் பிலடெல்பியா முன்கள வரிசையை, முரட்டுத்தனத்துக்குப் பேர்போன விளாடிமிர் கான்ஸ்டான்டினோவைக் கொண்டுதான் டெட்ராய்ட் தடுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அந்த வேலையை லிட்ஸ்ட்ரோமிடமும் லாரி மர்ஃபியிடமும் கொடுத்தார். இருவரும் மோதப் போகவில்லை. பக்கை லிண்ட்ராஸிடம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். நான்கு ஆட்டங்களிலும் டெட்ராய்ட் வென்றது. லிண்ட்ராஸ் அடித்த ஒரே கோல், நான்காவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் வந்தது.

கோப்பைக் கணக்கில் லிட்ஸ்ட்ரோமுக்கு ஸ்டான்லி கோப்பை நான்கு: 1997, 1998, 2002, 2008. பாபிக்கு 1970, 1972 என இரண்டு. ஆட்டத்துக்கு எடுத்த புள்ளிகளில் பாபி 1.39, லிட்ஸ்ட்ரோம் 0.73. லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை பாபிக்குத் தொடர்ந்து மூன்று முறை கிடைத்தது. லிட்ஸ்ட்ரோமுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. கோல்கள் அரிதாகிப்போன காலத்தில் லிட்ஸ்ட்ரோம் ஆடினார் என்று எவ்வளவுதான் கழித்துப் பார்த்தாலும், இந்த இடைவெளியை மூட முடியாது. ஒரே ஒரு ஆட்டம், இன்று இரவே வென்றாக வேண்டும் என்றால் பாபியைத்தான் அழைக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தொழில் வாழ்க்கை என்பது உடம்பையும் நம்பிய மனிதர்களையும் சேர்த்தே நடப்பது. பாபியை இரண்டும் கைவிட்டன. எதிரணிகள் நிறுத்த முடியாமல் இடித்த இடியெல்லாம் அவரது இடது முழங்காலில் இறங்கியது. நுண்துளை அறுவை பரவலாவதற்கு முந்தைய காலம் அது. மருத்துவர்கள் முட்டியை அகலத் திறந்து குருத்தெலும்பை வெட்டி எடுத்தார்கள். பல அறுவைகளுக்குப் பின் எலும்பும் எலும்பும் உரசும் நிலையில்தான், நாடுகளுக்கிடையிலான 1976 கனடா கோப்பையில் ஆடித் தொடரின் சிறந்த வீரர் என்ற பட்டத்தையும் வாங்கினார். அதே ஆண்டில் பாஸ்டன் நிர்வாகம், அணி உரிமையில் 18.5 விழுக்காட்டுப் பங்கைத் தர முன்வந்தது. அண்ணனைப்போல் அவர் நம்பியிருந்த முகவர் ஆலன் ஈகிள்சன் அந்தச் செய்தியைச் சொல்லாமல் மறைத்து, அவரைச் சிகாகோ அணிக்கு அனுப்பினார். அங்கே 26 ஆட்டங்களோடு 1978 நவம்பரில் பாபியின் ஆட்டம் முடிந்தது. ஈகிள்சன் 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆடாத ஆட்டத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று நினைத்த பாபிக்கு இப்படி நேர்ந்ததை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

லிட்ஸ்ட்ரோமின் நீண்ட காலத்தைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்குவது தவறு. மருத்துவம் வளர்ந்திருந்தது உண்மை. நல்ல நிர்வாகமும் வாய்த்தது. அதைவிட முக்கியம், இடி வாங்காத இடத்தில் நிற்கும் கலையை அவர் தம் ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டது. பாபியின் முழங்காலைத் தின்ற அந்தப் பாய்ச்சல்தான் பாபியைப் பாபியாக்கியது; அதை எடுத்துவிட்டு அவருக்கு நீண்ட ஆயுளைக் கற்பனை செய்ய முடியாது. லிட்ஸ்ட்ரோமின் ஆட்டமோ 25 வயதில் எப்படியோ 38 வயதிலும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. 41 வயதில் அவர் வாங்கிய ஏழாவது நாரிஸ் கோப்பை கொஞ்சம் மரியாதைக்காகக் கொடுத்தது என்பது என் எண்ணம். 20 பருவங்களில் பிளஸ்-மைனஸ் கணக்கு கழித்தலுக்குப் போன ஒரே பருவம் அது. மற்ற ஆறும் பழுதில்லாதவை. தடுப்பாட்டம் கற்க வரும் ஒரு சிறுவனுக்கு எவரது வாழ்க்கையைக் காட்டுவேன் என்றால், லிட்ஸ்ட்ரோமுடையதைத்தான். அதைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது.

விடைபெற்ற விதத்திலும் இருவரும் வேறுவேறு. லிட்ஸ்ட்ரோம் 2012 மே 31 அன்று, இன்னொரு பருவத்துக்கு வேண்டிய வேகமும் உந்துதலும் தம்மிடம் இல்லை என்று தாமே சொல்லி, நிதானமாக எழுந்து போனார். பாபிக்கு அந்த வாய்ப்பை முழங்கால் கொடுக்கவில்லை. 1979 ஜனவரி 9 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில் அவரைக் கௌரவிக்க அவரது 4ஆம் எண் சட்டையைக் கூரைக்கு ஏற்றியபோது, 30 வயதே ஆன அந்த மனிதருக்காக எழுந்து நின்ற கூட்டம் கைதட்டலை நிறுத்தவே இல்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலில் பெரும்பகுதியை அமைப்பாளர்கள் கைவிட வேண்டியதாயிற்று.