வாடகை வீட்டில் ஓதம் ஏறும் வெளிச்சுவர்: ஃபோம், கால்சியம் சிலிகேட், டீஹ்யூமிடிஃபையர் – எது உதவும்?

பழைய ஃப்ளாட், வெளிச்சுவர் தொட்டாலே ஜில்லென்கிறது, மூலையில் கரும்பூஞ்சை. இந்த நிலையில் கையில் கிடைத்ததை வாங்கி ஒட்டிவிடாதீர்கள், முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு துண்டு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்தே தண்ணீர் வருகிறது. அப்படியென்றால் விரிசலையோ குழாயையோ சரிசெய்யச் சொல்லி வீட்டு ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள், அது முடியும்வரை சுவரை எதைக் கொண்டும் மூடக்கூடாது.

அறைக்காற்று ஈரம்தான் என்றால் கணக்கு இதுதான்: அறையில் 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது சுவரின் மேற்பரப்பு 12.6 டிகிரிக்குக் கீழே இறங்கி அப்படியே நீடித்தால் பூஞ்சைக்கு அதுவே போதும், நீர்த்துளி தெரிய வேண்டும் என்றுகூட இல்லை.

அதிகம் பேர் வாங்குவது சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் ரோல். சில மில்லிமீட்டர்தான் தடிமன். கை வைத்தால் கதகதப்பாகத் தெரியும், ஆனால் வெப்பம் வெளியேறுவது பெரிதாகக் குறையாது. ஓரம் பிரிந்த இடத்தில் அறைக்காற்று பின்னால் நுழைந்து, இப்போது முன்பைவிடக் குளிர்ந்துவிட்ட சுவரில் ஈரமாகப் படிந்து, பூஞ்சை கண்ணுக்கு மறைவாக வளரும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வெப்பம் தடுக்கும் பெயிண்டும் அப்படித்தான், ஒரு மில்லிமீட்டர்கூட வராத பூச்சு என்ன தடுத்துவிடும்?

ஃபோம் ஒட்டிய ஜிப்சம் போர்டு நிஜமாகவே வெப்பத்தைத் தடுக்கும். அதே தடிமனுள்ள கால்சியம் சிலிகேட் பலகையைவிட (நுண்துளைகள் நிறைந்த கனிமப் பலகை, அடுத்துச் சொல்கிறேன்) ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் உட்புறத்தில் காற்று புகாதபடி முழுக்க அடைத்தால்தான் பலன்; ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் துளை போதும், ஈரம் பின்னால் போக. அனுபவமுள்ள ஆள் இல்லாமல் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது கால்சியம் சிலிகேட்தான். ஈரத்தை உறிஞ்சிவைத்து, காற்று உலர்ந்ததும் திருப்பி விட்டுவிடும், காரத்தன்மை இருப்பதால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. பழைய வால்பேப்பர், எண்ணெய் பெயிண்ட் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, பின்னால் இடைவெளியே இல்லாமல் பசை முழுதாகப் பரப்பி ஒட்ட வேண்டும். மேலே சுண்ணாம்பு அல்லது சிலிகேட் பெயிண்ட் மட்டும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் பலகை மூச்சுவிடாது, போட்ட பணம் வீண். ஜன்னலின் உள்விளிம்புகளுக்கு மெல்லிய பலகை தனியாகக் கிடைக்கும், அதை விட்டுவிட்டால் பூஞ்சை அங்கே இடம் மாறிவிடும்.

சரி, ஓனர் சம்மதிக்கவில்லை என்றால்? டீஹ்யூமிடிஃபையர். சுவரைச் சூடாக்காது, ஆனால் ஈரப்பதத்தைக் குறைப்பதால் அதே குளிர்ந்த சுவரிலும் பூஞ்சைக்கு வேலை இல்லாமல் போகும், வீடு மாறும்போது கூடவே வரும். அறை 15 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்குமென்றால் கம்ப்ரஸர் வகை திணறும், ஈரத்தை உறிஞ்சும் பொருளைக் கொண்டு இயங்கும் டெசிகன்ட் வகை வாங்குங்கள். கூடவே அலமாரியைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், துணியை அந்த அறையில் உலர்த்தாதீர்கள்.

பலகை ஒட்ட ஓனர் ஒப்புக்கொண்டால், செலவு யாருடையது, காலி செய்யும்போது பெயர்த்தெடுக்க வேண்டுமா என்பதை ஒட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.