பப்மெட்டில் தேடுவது: மதுரை மருத்துவமனை நூலகத்திலிருந்து சில அனுபவங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர்களும் சிஸ்டர்களும் முதுநிலை மாணவர்களும் கேட்கிற தகவலைத் தேடிக் கொடுப்பதுதான் என் வேலை. பல வருஷமாகக் காலையில் முதலில் திறப்பது பப்மெட்டைத்தான். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இந்த இணையதளத்தை அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது. 1997 முதல் எல்லோருக்கும் இலவசம், லாகின்கூட வேண்டாம். மூன்றரைக் கோடிக்கும் மேலான கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. இவ்வளவு காலம் புழங்கிய பிறகும் இதை விட்டு வேறொன்றுக்குப் போக எனக்கு மனசில்லை. ஆனால் வாயில் வருகிற சொல்லை அப்படியே தட்டினால் பலன் கிடைக்காது.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்ளுங்கள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர்ப் பக்கம் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கடிபட்டு வருவார்கள். விஷமுறிவு மருந்தை இங்கே எல்லோரும் ஏஎஸ்வி என்றுதான் சொல்கிறோம். அதை மட்டும் போட்டுத் தேடினால், தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கு வைக்கும் ஒருவகைக் கருவியும் பாக்டீரியா மரபணு ஆய்வுகளும் வந்து குவியும். பப்மெட்டுக்கு மெஷ் என்று தனியாக ஒரு சொற்பட்டியல் உண்டு. அதில் கடிக்கு ‘ஸ்நேக் பைட்ஸ்’, மருந்துக்கு ‘ஆன்டிவெனின்ஸ்’. இரண்டையும் சேர்த்துப் போட்டு, இடதுபக்க வடிகட்டியில் ‘ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்’ (நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு) என்பதை டிக் செய்தால், உட்கார்ந்து படித்து முடிக்கக்கூடிய அளவுக்குப் பட்டியல் சுருங்கிவிடும்.

சின்ன ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் ஒருவர், ஏஎஸ்வியால் வரும் ஒவ்வாமை (ரியாக்‌ஷன்) பற்றிப் போனில் கேட்டார்: “சார், ஏஎஸ்வி ஏத்துறதுக்கு முன்னாடி அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் போட்டா ரியாக்‌ஷன் குறையும்னு எல்லாரும் போடுறோம். அதுக்கு ஆதாரம் இருக்கா?” இலங்கையில் 1,007 பேரிடம் நடத்தி, 2011-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இந்தத் தேடலில் கிடைத்தது. குறைந்த அளவு அட்ரினலின் கொடுத்தவர்களுக்குக் கடுமையான ரியாக்‌ஷன் முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்திருந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் பலன் தரவில்லை. அந்த ஆய்வில் அவில் இல்லை, அதே ஒவ்வாமை மருந்து வகையைச் சேர்ந்த புரோமெத்தசின்தான் இருந்தது என்பதையும் எழுதி அனுப்பினேன். நோயாளிக்கு எதைப் போடுவது என்பது டாக்டரின் முடிவு. அவர் கேட்டதற்கும் ஆய்வு சொல்வதற்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்ட வேண்டியது என் பொறுப்பு.

பிளாஸ் இதழ்கள் இலவசம் என்பதால் அன்றைக்கு முழுக் கட்டுரையும் கையில் கிடைத்தது. எப்போதும் அப்படி அமையாது. பல கட்டுரைகளுக்குச் சுருக்கம் மட்டும்தான் தெரியும். மீதியைப் படிக்க 30, 40 டாலர் கேட்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் கிராமத்துச் சின்ன ஆஸ்பத்திரி டாக்டருக்கு அதில் இடமில்லை. கடிபட்ட பலரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் முன்பே முதலில் பார்க்கிறவர் அவர்தான். அவருக்கு இந்தக் கதவு மூடியிருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அந்த மாதிரி நேரத்தில் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளம் கைகொடுக்கும். ஒரே கட்டுரையின் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ இணைப்பைத் திறந்தால் சிலசமயம் இலவசப் பிரதி சிக்கும். பப்மெட்டில் சேராத இந்திய இதழ்களும் அங்கே உண்டு. ஆனால் ரிவ்யூ கட்டுரைகளை மட்டும் பிரிப்பதைத் தவிர, ஆய்வின் வகையைப் பார்த்துச் சலிக்க அங்கே வழியில்லை என்பதால் நான் அதை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன். அதிலும் கிடைக்காவிட்டால் ஆய்வாளருக்கே மெயில் போடுவேன். கேட்டால் மகிழ்ச்சியாக அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், பப்மெட்டில் இலவசக் கணக்கு தொடங்கித் தேடலைச் சேமித்து வைத்தால் புதுக் கட்டுரைகள் வரும்போது மெயில் வரும். அந்த டாக்டருக்குப் பாம்புக்கடித் தேடலை அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்; தினமும் வந்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.